ஸ்கேனர் காட்டும் விலையும் உறையில் அச்சிட்ட விலையும்

கேள்வி: எங்கள் தெரு மளிகைக் கடையில் அண்மையில் பார்கோடு ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். குளியல் சோப்பின் உறையில் 42 ரூபாய் என்று அச்சாகியிருக்க, பில்லில் 47 ரூபாய் விழுந்தது. கேட்டால், "கோட்டுக்குள்ளேயே விலை இருக்கிறதம்மா, மெஷின் தப்பாகப் படிக்காது" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: மெஷின் தப்பாகப் படிக்காது என்பது ஏறக்குறைய சரி, கோட்டுக்குள் விலை இருக்கிறது என்பது தவறு. சோப்பு, பிஸ்கட் போன்ற பொருட்களின் உறையில் நாம் காணும் பார்கோடு பெரும்பாலும் 13 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைத்தான் குறிக்கிறது. எந்த நிறுவனத்தின் எந்தப் பொருள், எந்த அளவு என்பதை அடையாளம் காட்டுவதோடு அந்த எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் கடைசி இலக்கம், முந்தைய பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் இலக்கம் மாறிப் படிக்கப்பட்டாலும் கணக்கு ஒத்துவராமல் ஸ்கேனர் அதை ஏற்க மறுத்துவிடும். ஆகவே அந்த 'பீப்' ஒலி, எண் ஒழுங்காகப் படிக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்த எண்ணுக்கு எதிரே என்ன விலை என்பதைக் கடைக்காரரோ அவரிடம் வேலை பார்ப்பவரோ கணினியில் முன்பே தட்டிவைத்திருக்கிறார். பில்லில் விழுவது அதுதான். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலம் இம்முறையில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டபோதும் விலை கடையின் கணினியில்தான் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் சோப்பின் விஷயத்தில் நடந்திருக்கக்கூடியதை ஊகிக்க முடிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக் கட்டி, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியில்லாமல் 100 ரூபாய் பெறும் பொருள் 118 ரூபாயிலிருந்து 105 ரூபாய்க்கு இறங்க வேண்டும். அதே விகிதத்தில் 47 ரூபாய்ச் சோப்பு ஏறத்தாழ 42 ரூபாய்க்கு வரும். விலை மாறினாலும் உறையிலுள்ள பார்கோடு எண் பெரும்பாலும் மாறுவதில்லை. புதிய சரக்கை அலமாரியில் அடுக்கியவர் கணினியில் பழைய விலையைத் திருத்தாமல் விட்டிருந்தால், கோடு எத்தனை முறை படிக்கப்பட்டாலும் 47 ரூபாய்தான் வரும். இதில் வஞ்சகம் இருக்க வேண்டிய அவசியமில்லை, சோம்பல் போதும்.

ஆனால் காரணம் எதுவானாலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. பொருளின் மீது குறித்த விலையைவிட மட்டுமல்ல, கடையில் வைத்த விலைப்பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதலாக வாங்கினாலும் புகார் செய்யலாம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எனவே அலமாரி அட்டையில் 40 என்று எழுதிவிட்டு, உறையில் 42 இருக்கிறதே என்று 42 வாங்குவதும் கேள்விக்குரியதே.

பில்லை வாங்கியதும் வரி விவரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அந்தச் சோப்புக்கு மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 9, 9 என்று இருந்தால், கணினியில் விலையுடன் வரி விகிதமும் திருத்தப்படவில்லை என்று பொருள். முதலில் உறையையும் பில்லையும் கடைக்காரரிடம் சேர்த்துக் காட்டி, ஐந்து ரூபாயைத் திரும்பக் கேட்பதோடு கணினியில் திருத்தச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் அது நல்லது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். அல்லது மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். பொட்டலப் பொருட்கள் விதிகளுக்கு அடிப்படையான எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறைதான்.

கேள்வி: பாலக்கோட்டில் சிறிய மளிகைக் கடை நடத்துகிறேன். பாதிக்கு மேல் துவரை, புளி, கேழ்வரகு என்று சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் வியாபாரம். ஸ்கேனரும் பில்லிங் மென்பொருளும் வாங்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?
– கடை உரிமையாளர், பாலக்கோடு

பதில்: ஸ்கேனர் என்பது கணினிக்கு ஒரு விசைப்பலகை போன்றது, 13 இலக்கத்தை நீங்கள் தட்டுவதற்குப் பதில் அது தட்டுகிறது. அதற்காகும் செலவு பெரிதல்ல. ஒவ்வொரு பொருளையும் அதன் விலை, வரி, இருப்பு ஆகியவற்றோடு கணினியில் ஏற்றி, சரக்கு வரும்போதெல்லாம் திருத்திக்கொண்டிருப்பதுதான் உண்மையான செலவு. அதற்கு நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்க ஆள் இல்லையென்றால், மேலே காரிமங்கலம் வாசகிக்கு நேர்ந்தது உங்கள் வாடிக்கையாளருக்கும் நேரும். பெயர் கெடுவது விற்பனையாளருக்கு அல்ல, உங்களுக்கு.

நிறுத்துக் கொடுக்கும் பொருட்களுக்கு ஸ்கேனரால் பயனில்லை. எடையோடு சீட்டு அச்சிடும் தராசு வாங்கினால், கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும், 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்ணை அது அச்சிடும். அதற்குள் எடையையோ விலையையோ அடக்கலாம். மளிகைக் கடையில் விலை கோட்டுக்குள்ளேயே இருக்கக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான். இருப்பினும் வாடிக்கையாளர் கண்முன் நிறுக்காமல் முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்தால், பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதமும் ஆண்டும், விலை ஆகியவற்றை அச்சிட வேண்டிய பொறுப்பும் கூடவே வரும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரையிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் கருத்தில், உங்கள் கடைக்கு இப்போது அவசரமில்லை. பொட்டலப் பொருட்களின் பங்கு கூடும்போது வாங்குங்கள். அப்போதும் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரே பார்கோடுக்கு இரண்டு, மூன்று விலைகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஸ்கேன் செய்யும்போது எது என்று உங்கள் மென்பொருள் கேட்குமா என்பதே. பழைய சரக்கும் புதிய சரக்கும் கலந்து கிடக்கும் சிறு கடைக்கு இந்த வசதி இல்லாத மென்பொருள் உதவாது. ஆண்டுச் சந்தா எவ்வளவு, அதை நிறுத்தினால் உங்கள் கணக்குகள் உங்கள் கைக்கு வருமா என்பவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பொட்டலமாக விற்கிறது. பார்கோடு இல்லாவிட்டால் எடுக்க மாட்டோம் என்கிறது ஒரு கடை. இது சட்டப்படி கட்டாயமா? 890 என்று தொடங்கினால்தான் இந்தியப் பொருளாமே?
– மகளிர் குழு உறுப்பினர், பென்னாகரம்

பதில்: பொட்டல உணவுக்குப் பார்கோடு சட்டப்படி கட்டாயமில்லை; உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் உறையில் இருக்க வேண்டிய விவரங்களும்தான் கட்டாயம். ஆனால் எதை அடுக்குவது என்பது கடையின் விருப்பம். பார்கோடு எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 இந்தியா என்ற அமைப்பில் பதிவுசெய்த நிறுவனத்தின் எண் 890 என்று தொடங்கும். பொருள் எந்த நாட்டில் விளைந்தது, எங்கே தயாரானது என்பதை அது சொல்வதில்லை. இணையத்தில் கிடைக்கும் இலவசச் செயலியில் நீங்களாக ஓர் எண்ணை உருவாக்கி ஒட்டினால், அது வேறொருவரின் பொருளுக்கு உரிய எண்ணாக இருந்து, உங்கள் சாமைக்கு அந்தப் பொருளின் விலை பில்லாகலாம். ஒரே ஒரு கடைதான் கேட்கிறது என்றால், அந்தக் கடையே தன் உள் எண்ணை அச்சிட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கைப்பேசி எண் கொடுக்காவிட்டால் பில் வராது என்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டியதில்லை. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

கேள்வி: வாங்கிய மிக்ஸியின் பில் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிட்டது. பார்கோடுதான் கணினியில் இருக்கிறதே, அதை வைத்து உத்தரவாதம் கேட்க முடியாதா?
– வாசகி, பர்கூர்

பதில்: முடியாது. பெட்டியின் 13 இலக்க எண் அந்த மாதிரி மிக்ஸிகள் அனைத்துக்கும் பொதுவானது. உங்கள் மிக்ஸிக்கு மட்டும் உரியது, அதன் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண். பல சிறு கடைகளில் முதல் எண்ணை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு விடுகிறார்கள். வரிசை எண்ணையும் பில்லில் சேர்க்கச் சொல்வதும், வெப்பத்தால் அச்சாகும் தாள் மங்கிவிடும் என்பதால் அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் உங்கள் வேலை. இப்போதைக்கு, வாங்கிய தேதியையும் தொகையையும் சொல்லி, கடையின் கணினியிலிருந்து பில்லின் நகலை அச்சிட்டுத் தரக் கேளுங்கள். ஸ்கேனர் வைத்த கடையில் இது எளிய வேலை. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவைக் காட்டினால் தேதியைத் தேடுவது இன்னும் சுலபமாகும்.