தொட்டியில் வாற்பேத்தைகள் குறைவது கொக்காலா?

கொக்கு அல்ல, பெரும்பாலும் அதே தொட்டியில் உள்ள பெரிய வாற்பேத்தைகளேதான் (வாற்பேத்தை என்றால் வாலுள்ள தவளைக் குஞ்சு). கார்த்திகையில் நிறைந்து கிடந்தவை இப்போது கால்வாசிகூட இல்லை என்கிறீர்கள். மழைக்குக் கத்திய பெருந்தவளையின் குஞ்சுகள் ஊனுண்ணிகள். மற்றத் தவளைகளின் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும், சமயத்தில் தங்கள் இனத்தையும் விடா.

இருட்டியபின் டோர்ச் அடித்து, அசையாமல் நின்று பாருங்கள். பெரியது ஒன்று சின்னதைக் கவ்விக்கொண்டு திரிந்தால் சந்தேகமே இல்லை. அடியில் சேற்று நிறத்தில் ஆறு கால் பூச்சி தெரிந்தால் அது தும்பியின் குஞ்சு, அதுவும் இதே வேலைதான் செய்யும். கொக்கு என்றால் பகலில், பெரியவைதான் முதலில் குறையும்.

பெரியவற்றை அள்ளி வெளியே போடாதீர்கள், பாவம். கொஞ்சம் பாசியும் நீர்ச்செடியும் விட்டால் சின்னவை ஒளிந்து தப்பும். திலாப்பியா மட்டும் வேண்டாம், ஒன்றையும் மிச்சம் வைக்காது. சீமெந்துத் தொட்டி என்பதால், கால் முளைத்தவை ஏறி வர ஓரத்தில் ஒரு முருகைக்கல்லைச் சரிவாக வையுங்கள், இது முக்கியம்.

ஒன்று கவனம்: தவளை உள்ள இடத்துக்குப் பாம்பு வரும். நம் வளவுகளில் இரவில் எட்டடி விரியனும் திரியும். செருப்பில்லாமல் தொட்டியடிக்குப் போகாதீர்கள்.