டூம் முதல் ஹாஃப்-லைஃப் வரை: கும்பகோணத்துக் கடைக்காரர் பதில்கள்

1998லேருந்து கும்பகோணத்துல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி விக்கிறேன், ரிப்பேரும் பாக்குறேன். நடுவுல ஏழெட்டு வருஷம் மாடியில பிரவுசிங் சென்டர் ஓடுச்சு. பாதிப் பேர் மெயில் பாக்க வந்தாங்க, மீதிப் பேர் சுட வந்தாங்க. அந்தத் தொண்ணூறுகள்ல வந்த துப்பாக்கி கேம்களைத் திரும்ப ஆடிப் பாக்கணும்னு நெறைய பேர் கேக்குறீங்க. வந்த கேள்விகளுக்கு இங்கயே பதில் சொல்லிடுறேன்.

கேள்வி (திருவாரூர், காலேஜ் தம்பி): அண்ணே, என் லேப்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. புது கேம் எதுவும் ஓடாது. பழசுல எதை முதல்ல ஆடலாம்?

பதில்: டூம், தம்பி. 1993 டிசம்பர்ல வந்தது. அப்ப 386 சிப்பும் 4 எம்பி ராமும் இருந்தாலே ஓடுச்சு, உன் லேப்டாப்புக்கு அது தூசு. அதைச் செஞ்ச ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி 1992ல விட்ட வுல்ஃபன்ஸ்டைன் 3டியிலேருந்து தொடங்கச் சொல்லி சில பேர் அடம் பிடிப்பாங்க. வரலாறு தெரிஞ்சுக்கணும்னா சரி, ஆடிச் சந்தோஷப்படணும்னா வேணாம். சுவர் எல்லாம் ஒரே உயரம், மூலை எல்லாம் செங்கோணம். பத்து நிமிஷத்துல எந்த ரூம்ல நிக்கிறோம்னே மறந்துடும்.

டூமோட விஷயமே வேற. முதல் லெவல்ல, ஆரம்பிச்ச இடத்துலயே ஜன்னல் வழியா வெளி முற்றத்துல ஒரு நீலக் கவசம் தெரியும். ஆனா போற வழி தெரியாது. அது ரகசிய வழி, சுத்தித் தேடணும். நம்ம பெரிய கோயில்கள்ல பிராகாரம் சுத்துறப்ப பலகணி வழியா உள்ள ஒரு மண்டபம் தெரியும், வாசல் மட்டும் அகப்படாது இல்லையா, அந்த மாதிரி. சுடுறது எல்லா கேம்லயும் இருக்கு. இந்த வழி தேடுற சுகத்துக்காகத்தான் நான் இன்னும் டூம் ஆடுறேன்.

கேள்வி (மன்னார்குடி, ஆசிரியை): டூம்ல தலையைத் தூக்கி மேல பாக்கவே முடியலையே சார்? ஆனா மேடை மேல நிக்கிற பேய் மேல குண்டு மட்டும் தானா ஏறிப் போகுது. இது என்ன கணக்கு?

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கீங்க டீச்சர். டூம் வரைபடம் உண்மையில தாள்ல போட்ட மனைப் படம் மாதிரிதான். ஒவ்வொரு பகுதிக்கும் தரை உயரம் ஒண்ணு, கூரை உயரம் ஒண்ணு, அவ்வளவுதான் எழுதி வச்சிருக்கும். ஒரு ரூம் மேல இன்னொரு ரூம் கட்ட முடியாது. மாடி வீடே கிடையாத ஊர்னு வச்சுக்குங்க.

சுவர் எல்லாம் செங்குத்தா நிக்கிறதால, திரையில அதை நெட்டு நெட்டா, ஒவ்வொரு கோடா வரைஞ்சா போதும். அந்த வேகத்துலதான் அன்னைக்கு மெஷின் தாங்குச்சு. தலையைச் சாய்ச்சா சுவரும் சாயும், கணக்கு பல மடங்கு கூடிடும். அதனால மேல பாக்குறதையே விட்டுட்டாங்க. அதுக்கு ஈடாத்தான் மேல கீழ குறியைக் கேமே பாத்துக்குது. நீங்க இடம் வலம் மட்டும் திருப்பினா போதும்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. வரைபடம் முழுக்க முன்கூட்டியே துண்டு துண்டா வெட்டி, ஒரு மரம் மாதிரி கிளை பிரிச்சு வச்சிருப்பாங்க. நீங்க எங்க நின்னாலும் எந்தச் சுவர் கிட்ட, எது அதுக்குப் பின்னாலன்னு அந்த மரமே சொல்லிடும். இந்த முறை ஏற்கெனவே ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல இருந்தது. அதை வீட்டு கம்ப்யூட்டர்ல விளையாட்டுக்கு இறக்குனவர் ஐடி சாஃப்ட்வேர்ல நிரல் எழுதுன ஜான் கார்மாக். இப்ப ஜிஇசட்டூம்னு டூமை ஓட்டுற புது வடிவம் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டீங்கன்னா மேலயும் பாக்கலாம். நான் அதை அணைச்சுட்டுத்தான் ஆடுவேன்.

கேள்வி (மயிலாடுதுறை): பத்து நிமிஷம் ஆடினாலே தலை சுத்துது, குமட்டுது. வயசாயிடுச்சா?

பதில்: வயசு மட்டும் காரணம் இல்லீங்க. ஓடுறப்ப பார்வை மேலயும் கீழயும் குலுங்குது பாருங்க, அந்தக் குலுக்கலை செட்டிங்ஸ்ல குறைச்சுடுங்க. பார்வைக் கோணத்தை 90 டிகிரிக்குக் கீழ விடாதீங்க. ரூம் லைட்டைப் போட்டுட்டு, திரையை விட்டுத் தள்ளி உக்காருங்க. சாப்பிட்ட உடனே வேணாம்.

கேள்வி (பாபநாசம்): 98ல அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்ல டூம் பறந்துச்சு, க்வேக் மட்டும் நொண்டுச்சு. அதுல இருந்தது வேற கம்பெனியோட மலிவுச் சிப், இன்டெல் பென்டியத்துக்குச் சமமான வேகம்னு சொல்லித்தான் வித்தாங்க. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இருபத்தஞ்சு வருஷக் கோபம் போலிருக்கு! முழுசா ஏமாத்தலை. அந்த மலிவுச் சிப்புங்க முழு எண் கணக்குல நிஜமாவே வேகம். டூம் முழுக்க முழு எண் கணக்கு, அதான் பறந்துச்சு. 1996ல வந்த க்வேக்ல மேல கீழ, மாடி, சாய்வு எல்லாம் நிஜ முப்பரிமாணம், அதுக்கு தசம எண் கணக்கு வேணும்.

சுவத்துப் படம் தூரத்துக்குத் தக்க சுருங்கணும்னா வகுத்தல் போடணும். திரையில ஒவ்வொரு புள்ளிக்கும் வகுத்தா மெஷின் படுத்துடும். அதனால க்வேக் 16 புள்ளிக்கு ஒரு தடவைதான் வகுக்கும். பென்டியத்துல ஒரு வசதி, வகுத்தல் ஒரு பக்கம் ஓடிக்கிட்டிருக்கிறப்பவே இன்னொரு பக்கம் அந்த 16 புள்ளியையும் வரைஞ்சு முடிச்சுடலாம். நாத்து பறிக்கிறவங்க பறிச்சுக்கிட்டே இருக்க, நடுறவங்க நட்டுக்கிட்டே போற மாதிரி. மத்த சிப்புல அந்த ஒத்துழைப்பு சரியா அமையலை. நானே அந்தச் சிப் போட்டு நாலஞ்சு மெஷின் வித்துட்டு, வாங்குனவங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

கேள்வி (நாகப்பட்டினம்): பழைய டூமை அப்படியே டாஸ்பாக்ஸ்ல (பழைய டாஸ் கேமை இப்ப ஓட்டுற மென்பொருள்) போட்டேன். மவுஸை முன்னாடி தள்ளினா ஆளே முன்னாடி நடக்குறான். மவுஸ் ரிப்பேரா?

பதில்: மவுஸ் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அமைப்பே அப்படி. நெறைய பேர் மவுஸையே தொடலை, அம்புக்குறி விசையில நடந்து, கண்ட்ரோல்ல சுட்டு, ஸ்பேஸ்பார்ல கதவு திறந்தாங்க. கிரிஸ்பி டூம்னு இன்னொரு புது வடிவம் இருக்கு, அதைப் போட்டு, அந்த முன்பின் அசைவை அணைச்சுடுங்க.

கேள்வி (ஒரத்தநாடு, ஒரு அம்மா): பையனுக்கு ஒன்பது வயசு. அவன் ஆடலாமா?

பதில்: வேணாம்மா. படம் கட்டம் கட்டமாத் தெரியுதேன்னு நெனைக்காதீங்க, ரத்தம் ரத்தம்தான். ட்யூக் ந்யூகம் 3டி பக்கமே விட்டுடாதீங்க, அதுல ஆபாசமும் சேர்த்தி.

கேள்வி (பட்டுக்கோட்டை): எங்க செட்டுக்கு எல்லாமே ஐஜிஐ கேம்தான். அதைப் பத்தி ஏன் பேசவே இல்லை?

பதில்: அது 2000 டிசம்பர்ல வந்தது மாப்ள, தொண்ணூறுகள்ல சேராது. ஆனா என் சென்டர்ல அதிகம் ஓடினது அதுதான், மறுக்கலை. மிஷன் நடுவுல சேவ் பண்ண முடியாது. முக்கால் மணி நேரம் ஊர்ந்து போய் கடைசி வேலிகிட்ட வர்றப்ப கரண்ட் போகும். அப்ப கெளம்புற சத்தம் மகாமகக் குளம் வரை கேக்கும். டூம்னா எஃப்6 அழுத்தி வச்சிருக்கலாம், கரண்ட் வந்ததும் எஃப்9.

1998 நவம்பர்ல வந்த ஹாஃப்-லைஃபையும் பலர் கேட்டிருக்கீங்க. தாராளமா ஆடுங்க, ஆரம்பத்து ரயில் பயணத்தை இன்னைக்கும் அலுக்காமப் பாக்கலாம். எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கதை வந்துச்சு, வழி நேர்கோடாப் போச்சு. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் அந்த நேர்கோட்டைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க.

கேள்வி (தஞ்சாவூர்): காசு கொடுக்காம, திருடாம ஆட வழி இருக்கா?

பதில்: இருக்கு. டூமோட முதல் பாகம், ஒன்பது லெவல், அன்னைக்கே இலவசமா விட்டது. யார் வேணாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம்னு அவங்களே சொன்னாங்க. 1997ல நிரலையும் வெளிய விட்டாங்க. அதனாலதான் இத்தனை புது வடிவம் கெடைக்குது. முழுசா இலவசம் வேணும்னா ஃப்ரீடூம்: படம், பேய், சத்தம் எல்லாம் ஆர்வலர்கள் தாங்களே புதுசா செஞ்சு சேர்த்தது.

கேள்வி (திருவையாறு): நாங்க நாலு பேர் அப்ப உங்க கடையில சேர்ந்து டூம் ஆடுவோம் அண்ணே. மறுபடி அந்த மாதிரி ஆட முடியுமா?

பதில்: தாராளமா. டூம்ல நாலு பேர்தான் கணக்கு, ஆள் சரியா இருக்கு. இப்ப ஒரே வைஃபையில நாலு லேப்டாப் போதும். அப்ப மெஷின்களை இணைக்க கறுப்பு கோஆக்சியல் கேபிள், வரிசையா டி கனெக்டர், ரெண்டு முனையையும் மூட 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது கால் தடுக்கி ஒண்ணு கழண்டா மொத்தப் பேரும் அவுட். தோக்குறவன் வேணும்னே எட்டி உதைப்பான்னு எனக்கும் தெரியும். உதைச்சது உங்கள்ல யாருன்னும் தெரியும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை பூட்டியிருக்கும், பின் வாசல் வழியா வாங்க. அந்த டெர்மினேட்டர் ரெண்டும் இன்னும் என் மேசை டிராயர்லதான் கெடக்கு.