முதலில் மேல் போல்ட், பிறகுதான் கீழ் போல்ட்

கேள்வி: 2017 மாடல் இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாத்த வேண்டாம் சார்" என்றார் புரோக்கர். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில், "மெஷின் போட்டு ஃபிளஷ் பண்ணலன்னா பாக்ஸ் காலி" என்கிறார்கள். எஞ்சின் ஆயிலை நானே மாற்றிப் பழக்கம். இதையும் வீட்டிலேயே மாற்றலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மாற்றலாம். ஆனால் கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன், பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியில் கியர் ஆயிலின் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது. புது ஆயில் உள்ளே போக அந்த ஒரு வழிதான். பல வருடம் திறக்காத போல்ட் இறுகிப் போயிருக்கும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கட்டி இழுத்துவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புரோக்கர் சொன்னதை நம்பாதீர்கள். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் கியர்பாக்ஸ் தயாரிப்பில் பெயர்பெற்றது. தான் செய்த பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. உங்களுடையது வேறு பாக்ஸ்தான், ஆனாலும் சூட்டில் ஆயில் கெடுவது எல்லாவற்றுக்கும் பொது.

ஃபிளஷ், அதாவது மெஷினால் பழைய ஆயிலை வெளியே தள்ளிப் புதிதை ஏற்றுவது, வேண்டாம். மெஷினில் முந்தைய வண்டியின் ஆயில் மிச்சமிருக்கும். என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், "எல்லா வண்டிக்கும் சேரும்" என்பார்கள். சேராது! உங்கள் வண்டிக்கு டொயோட்டாவின் ஏ.டி.எஃப். டபிள்யூ.எஸ். என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் வகைதான். பில் போட்டு வாங்குங்கள், கேனின் சீல் உங்கள் கண் முன்னால் உடையட்டும். வேலை முடிந்ததும் காலி கேனை ஆணியால் குத்தி ஓட்டை போடுங்கள். நல்ல கேனை விலைக்கு வாங்கி, டூப்ளிகேட் ஆயில் நிரப்பி மறுபடி கடைக்கே அனுப்புகிற கூட்டம் இருக்கிறது. இதைத் தடுக்க ஆள் இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

வேலையை விடியற்காலையில், வண்டி ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, சமதரையில் செய்யுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. நாலு பக்கமும் ஒரே உயரத்துக்கு ஸ்டாண்ட் வேண்டும். வடிந்த ஆயிலை அளவு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். மூன்று, நான்கு லிட்டர் வரலாம். மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் (எஞ்சின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயில் கூலரிலும் நின்றுவிடும். வந்தது எவ்வளவோ அவ்வளவே புது ஆயில். வாஷரும் புதிது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இதையே மறுபடி, பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் 40 சதவீதம் மாறினால்கூட, மூன்றாவது முறை முடியும்போது முக்கால் பங்குக்கு மேல் புது ஆயில்.

கடைசி லெவலை மட்டும் வீட்டில் பார்க்க வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பாக்ஸ் ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் இருக்கும்போது கீழே ஓவர்ஃப்ளோ போல்ட்டைத் திறக்க வேண்டும். ஆயில் சொட்டுச் சொட்டாக வந்தால் அளவு சரி. ஈரோட்டு மே மாத வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் செய்யும்போதே அந்தச் சூட்டில் இருக்கும். சூடு ஏறிய ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், ஆறிய பிறகு லெவல் குறையும். இந்த ஆயில் வெறும் வழவழப்புக்கு இல்லை, அதன் அழுத்தம்தான் உள்ளே கிளட்சைப் பிடிக்கிறது. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கிளட்ச் கருகும். லிஃப்ட் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் அரை மணி நேரக் கூலி கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. இதைக் கவனமாகப் படியுங்கள். "ஆயில் மாத்தினதும் பாக்ஸ் போச்சு" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை மாற்றுவதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தவை. ரிவர்ஸில் (ஆர்) போட்டதும் உடனே பிடிக்காமல் ஒரு நொடி, இரண்டு நொடி யோசிக்கிறதா? மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையா? ஆயிலில் தீய்ந்த வாசனையா? அப்படியென்றால் கை வைக்காதீர்கள். தேய்ந்த கிளட்சைப் புது ஆயில் சரிசெய்யாது, பழியை மட்டும் உங்கள் தலையில் போடும். பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே தெரியும் காந்தத்தில் மாவு மாதிரி கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம்.

சி.வி.டி., ஏ.எம்.டி. என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டிக்காரர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பயன்படுத்திய ஆயிலை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்கிற விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. ஆனால் நாலு லிட்டர் கேனோடு போய் நிற்கும் தனி ஆளிடம் அதை வாங்கிக்கொள்ள ஒரு கவுன்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. மூடி போட்டு வைத்திருந்து, லெவல் பார்க்கப் போகும்போது அந்த மெக்கானிக்கின் பழைய ஆயில் பேரலில் சேர்த்துவிடுங்கள்.