நண்பர்களுடன் ஏறிய மலைகளில் உங்களை மிகவும் திணறடித்தது எது?

பர்வதமலை. யோசிக்கவே வேண்டியதில்லை.

நான் வேலூர்க்காரன். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். மலைகள் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கின்றன. அந்தப் பாறைகளில் சின்ன வயதிலிருந்து ஏறித் திரிந்தவன் என்ற திமிர் எனக்கு.

பர்வதமலையும் ஒரு காலத்தில் எங்கள் மாவட்டம்தான். 1989இல் வடஆற்காடு பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. உயரம் 4,500 அடிக்கு மேல் என்பார்கள். நாங்கள் நான்கு பேர் போளூர் வரை பஸ்ஸில் போய், ஆட்டோ பிடித்துத் தென்மாதிமங்கலத்தில் இறங்கினோம். பௌர்ணமியன்று கூட்டம் நெரியும் என்பதால் வேண்டுமென்றே வேறொரு நாள். விடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்தோம்.

முதலில் படிக்கட்டு. பிறகு உருட்டுக் கல்லும் மரவேருமாக ஒரு பாதை. மூச்சு வாங்கியதே தவிரப் பயமில்லை. கடலாடி என்ற ஊர்ப் பக்கமிருந்து ஏறும் இன்னொரு பாதை வந்து சேரும் இடத்தைத் தாண்டி மேலே போனபின்தான் மலை தன் வேலையைக் காட்டியது. செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அறைந்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். கடப்பாரைப் படி என்றே பெயர். ஏறும்போது கண்ணெதிரே பாறை மட்டும் தெரிவதால் ஏறிவிட்டேன். உச்சியில் மல்லிகார்ஜுனருக்கு நம் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். செய்தோம். வாழைப்பழத்தை மட்டும் குரங்கு வழியிலேயே வாங்கிக்கொண்டது.

இறங்கும்போதுதான் கதை மாறியது. வந்த வழியே திரும்பி, கடப்பாரைப் படியின் தலைப்பில் நின்று கீழே பார்த்தேன். வயல்களும் ஏரிகளும் கைக்குட்டை அளவில் கிடந்தன. தொடை நடுங்க ஆரம்பித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

எங்களில் ஒருவன் எலக்ட்ரீஷியன், மின்கம்பம் ஏறிப் பழகியவன். "டேய், பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள். சங்கிலியை விடாதே" என்று சொல்லிவிட்டு எனக்குக் கீழே இறங்கினான். என் குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு கடப்பாரையிலும் அவனே வைத்தான். "இடது கால். இன்னும் கொஞ்சம். ம், வை. இப்போது வலது." கேலி செய்ய அவனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேலியெல்லாம் வேலூரில்தான். பஸ்ஸின் படியில் முட்டி மடங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன். கீழே நின்றவன் என் குதிகாலைப் பிடித்தான்: "இடது கால். இன்னும் கொஞ்சம்."