ஊற்றுக்கண்ணைத் தோண்டலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்று, மாசி பங்குனியில் நூலாக ஒழுகுகிறது. மாதம் ஒரு ஞாயிறு அங்கே வேலை செய்ய இளைஞர்கள் பன்னிரண்டு பேர் தயார். ஊற்றை ஆழப்படுத்திச் சுற்றிலும் சிமென்ட் தொட்டி கட்டலாமா?

பதில்: தோண்ட வேண்டாம். முதல் ஞாயிறு மண்வெட்டியே வேண்டாம்.

நீலகிரியில் மழைநீர் தங்குவது பாறைக்கு மேலே மட்கிக் கிடக்கும் கனமான மண்ணில். அடியில் சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. மண்ணும் பாறையும் சேரும் இடம் சரிவில் வெளியே தெரிகிற இடத்தில் நீர் கசிகிறது; அதுவே உங்கள் ஊற்று. அந்த இடத்தைக் கடப்பாரையால் குத்தினால், நீரை ஏந்தி நிற்கும் களிமண் அடுக்கு உடைந்து, வந்த நீரும் கீழே இறங்கிவிடும். தொட்டியில் வேறொரு தவறு நடக்கிறது. தொட்டி நீர் ஊற்றுக்கண்ணை விட உயரமாக நின்றால் உள்ளிருந்து வரும் நீரை அது எதிர்த்துத் தள்ளும். நீர் பக்கவாட்டில் வேறு வழி தேடிக்கொள்ளும். தொட்டி கட்டியே ஆக வேண்டுமானால், வழிந்தோடும் குழாய் கண்ணை விட ஒரு சாணாவது தாழ்ந்திருக்கட்டும். கண்ணைச் சுற்றிக் கல்லும் கழுவிய ஜல்லியும் போதும். அங்கே சிமென்ட் பூசக் கூடாது.

முதல் வேலை அளப்பது. களிமண்ணால் சின்னக் கரை போட்டு, கசிவு முழுவதையும் ஒரு பிவிசி குழாய் வழியே விழச் செய்யுங்கள். 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி என்று கைபேசியில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் 390 பேருக்குப் போதும். மாதந்தோறும் ஒரே தேதியில் அளந்து, அதற்கு முந்தைய வாரம் பெய்த மழையையும் நோட்டில் எழுதுங்கள். மழை பெய்த மறுநாளே நீர் கூடிக் கலங்கினால், மேல்மண்ணில் ஓடும் நீர் நேராகக் கலக்கிறது என்று பொருள். அசுத்தமும் அதே வழியில் வரும். சில வாரம் கழித்து மெதுவாகக் கூடினால் நீர் ஆழத்திலிருந்து வருகிறது. இது தெரியாமல் எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

ஊற்றைக் காப்பாற்றும் வேலை உண்மையில் மேட்டில்தான் இருக்கிறது. அங்கே சதுப்பு இருந்தால் அதுதான் உங்கள் சேமிப்புத் தொட்டி. அதில் வாய்க்கால் வெட்டி வடித்திருக்கிறார்களா, தோட்டமாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வடிகாலைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. சதுப்பின் நடுவில் மரம் நடாதீர்கள். சோலைக்காட்டு மர நாற்றுகள் வெட்டவெளியில் உறைபனிக்குக் கருகிவிடும். ஓரத்தில், நிழலில் நடுங்கள். களையாகப் பரவும் உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் இன்னும் அடர்ந்து துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) நீங்களாக வெட்டக் கூடாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 இருக்கிறது. ஒரே மூச்சில் வெட்டினால் சரிவும் வெறுமையாகிவிடும்.

சமவெளிக் கிராமங்களில் வெட்டுவது போல, மழைநீரைத் தேக்கச் சரிவு முழுக்கக் குழி வெட்டும் ஆசை வரும். செங்குத்துச் சரிவில் அது ஆபத்து: குழியில் தேங்கும் நீர் மண்ணை ஊற வைத்து, சரிவையே நகர்த்திவிடும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளைக் கண்ட மாவட்டம் இது. நிலவியல் அறிந்தவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் வெட்டாதீர்கள்.

நீரின் தூய்மைக்கு, ஊற்றுக்கு மேற்புறம் 8 மீட்டர் தள்ளி, மழைநீரைத் திருப்பிவிடும் ஆழமற்ற வாய்க்காலும் கால்நடை நுழையாத வேலியும் போடுங்கள். மேட்டில் 30 மீட்டருக்குள் கழிப்பறைக் குழியோ எருக்குவியலோ இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரை ஊற்றுக்கண்ணில் ஒருபோதும் கொட்டாதீர்கள். தவளையும் நீர்ப்பூச்சியும் செத்துப்போகும், ஓடும் நீரில் மருந்தும் நிற்காது. சேமிப்புத் தொட்டியில் மட்டும், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். வருடத்துக்கு இரு முறை, கோடையிலும் மழை தொடங்கியதும், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை என்னும் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஊற்று காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். காலை எட்டுக்கு மேல் போய் மூன்று மணிக்குள் திரும்புங்கள். அந்தி நேரத்தில் காட்டெருமையும் கரடியும் அதே நீருக்கு வரும். பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் மிதித்தால் சதுப்பு சேறாகிவிடும். நான்கு பேர் ஊற்றிலும் மற்றவர்கள் மேட்டிலுமாகப் பிரிந்துகொள்ளுங்கள்.