கொடுத்து வைத்த மட்டி

கேள்வி: அலுவலக மெயில் ஒன்றில் ‘ஹேப்பி ஆஸ் எ கிளாம்’ என்று எழுதியிருந்தார்கள். கிளாம் என்றால் மட்டிச் சிப்பியாம். மட்டிக்கு அப்படி என்ன சந்தோஷம்?
– ஒரு வாசகி, வாஷி

வாஷியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள் அம்மா? செம்பூரிலிருந்து மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் பார்ப்பது இதைத்தான். மான்குர்த் தாண்டி ரயில் பாலத்தில் ஏறியதும் ஜன்னலில் கண்ணை வையுங்கள். கீழே, தானே கடற்கழியில் நீர் ஏறியிருந்தால் ஒன்றும் தெரியாது. வற்றியிருந்தால் கறுப்புச் சேறு. சில நாள் அதில் முழங்கால் புதைய, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு யாராவது குனிந்து துழாவிக்கொண்டிருப்பார்கள். கோளி மீனவப் பெண்கள் மார்க்கெட்டில் திஸ்ரியா என்று கூறு போட்டு விற்கிறார்களே, அந்த மட்டி இப்படிப்பட்ட சேற்றிலிருந்துதான் வருகிறது.

இப்போது மட்டியின் பக்கம் நின்று யோசியுங்கள். நீர் வற்றினால் ஆள் வந்துவிடும். ஏறிவிட்டால் யார் வந்து தோண்டுவது? அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் இதே கதைதான், மண்வெட்டியும் வாளியுமாக. அங்கே 1830களிலேயே அச்சில் வந்துவிட்ட தொடர் இது. முழுதாகச் சொன்னால் ‘அட் ஹை டைட்’ என்று முடியும்: நீர் ஏறிய நேரத்து மட்டி. நாளடைவில் வால் உதிர்ந்துவிட்டது, நாம் முழிக்கிறோம். சிப்பி லேசாகத் திறந்திருப்பது சிரிப்பதுபோல் இருக்கும், அதனால்தான் என்பாரும் உண்டு. சிரிக்கிற மட்டிக்கு ஹை டைட் எதற்கு?

அந்த வாலை நானும் ஒருமுறை வெட்டியிருக்கிறேன். ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்த புதிது. இரவு ஷிப்ட். பத்தியில் ஒரு வரி அதிகம். ‘அட் ஹை டைட்’ வெறும் அலங்காரம் என்று நினைத்து அடித்துவிட்டேன். மேசைக்கு மேசை டீ வாங்கிக் கொடுக்கிற, கடலோர வசாய்க்காரரான எங்கள் பெரியவர் புரூஃபைப் பார்த்தார். திட்டவில்லை. சிவப்புப் பென்சிலால் அந்த மூன்று சொல்லையும் திரும்ப எழுதி, “தண்ணியை எடுத்துட்டா அது செத்துப் போகும்ப்பா” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் மட்டி என்றால் மரமண்டை என்றும் அர்த்தம் உண்டல்லவா, அன்று அது நான்தான்.

ஆகவே, அந்த மெயிலுக்குத் தமிழில் ‘துள்ளிக் குதித்தேன்’ என்று எழுதாதீர்கள். மட்டியின் சந்தோஷம் அந்த ரகம் அல்ல. ‘வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது’ என்போமே, அது கிட்டத்தட்ட சரி. ‘ஹேப்பி’ என்ற சொல்லையே பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது ‘ஹேப்’. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அதிர்ஷ்டம் என்று பொருள். ‘பெர்ஹேப்ஸ்’, ‘ஹேப்பன்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். முதலில் ஹேப்பி என்றால் மகிழ்ந்தவன் அல்ல, கொடுத்து வைத்தவன். நீர் ஏறிய நேரத்து மட்டியும் அதுதானே?

கேள்வி: சந்தோஷத்தின் உச்சியில் இருப்பவரை ‘கிளவுட் நைன்’-இல் இருக்கிறார் என்கிறார்களே – ஏன் ஒன்பது? பத்தாவது மேகத்தில் இடமில்லையா?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

1896-இல் வெளிவந்த சர்வதேச மேக அட்லஸ் மேகங்களைப் பத்து வகையாகப் பிரித்தது. அதில் ஒன்பதாம் எண் கியூமுலோநிம்பஸ், பத்து கிலோமீட்டருக்கு மேலும் கோபுரமாக எழும் இடிமேகம். அதன் உச்சியில் உட்கார்ந்தவனுக்கு உலகமே காலடியில், அதனால் கிளவுட் நைன் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கர்கள் அந்தத் தொடர் புழங்கத் தொடங்கிய காலத்தில் ‘கிளவுட் செவன்’, ‘கிளவுட் எய்ட்’ என்றும் சொல்லியிருக்கிறார்களே? அட்லஸைப் பார்த்துப் பேசியிருந்தால் எண் இப்படி ஆடாது. யூத, இஸ்லாமிய மரபுகளில் வரும் ஏழு வானங்களிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘செவன்த் ஹெவன்’ ஏற்கெனவே இருந்தது. ஏழிலிருந்து எட்டு, ஒன்பது என்று நாக்கே ஏலம் விட்டிருக்கும் என்பது என் கட்சி.

இன்னொன்று. ஜூலையில் அந்த ஒன்பதாம் நம்பர் மேகம் மும்பை மேல் வந்து நின்றால் சயான்–குர்லா தண்டவாளம் முழுகுகிறது, நீங்கள் டோம்பிவிலிக்குப் போய்ச் சேர இரவு பதினொன்று ஆகிறது. இந்தத் தொடர் நம் ஊரில் பிறந்திருக்க வாய்ப்பே இல்லை ஐயா.

கேள்வி: ‘ஹேப்பி ஆஸ் லாரி’ என்கிறார்களே, எந்த லாரி? என் கணவர் லாரிதான் ஓட்டுகிறார், ஒரு சந்தோஷத்தையும் காணோம்.
– ஒரு வாசகி, தாராவி

இது ஆள் பெயர் அம்மா. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் புழங்கத் தொடங்கியது. சிட்னி குத்துச்சண்டை வீரர் லாரி ஃபோலிதான் அவர் என்கிறது ஒரு கட்சி. 1879-இல் ஏப் ஹிக்கன் என்பவரை வெறுங்கைச் சண்டையில் வீழ்த்திப் பெயர் வாங்கியவர். ஆளே கிடையாது, தெருவில் வம்பு வளர்க்கும் பையன்களைக் குறிக்கும் ‘லாரிகின்’ என்ற சொல்லின் துண்டு என்கிறது இன்னொன்று. இரண்டிலும் சக்கரம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.