குதிரையின் கால்கள் மட்டும் ஏன் கலங்குகின்றன?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, சித்திரைச் சீசனுக்கு நுவரெலியா ரேஸ்கோர்ஸுக்குப் போய் இருநூறு படம் எடுத்தேன். ஒன்றும் உருப்படியில்லை. உடம்பு தெளிவாக விழுந்தாலும் குதிரையின் கால்கள் கலங்கிவிடுகின்றன. பனி இறங்கினால் எல்லாமே சாம்பல். என்னிடம் இருப்பது 55-250 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ். இன்னும் பெரியது வாங்கட்டுமா? தடைதாண்டும் போட்டிகளும் எடுக்க ஆசை."

காசை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள், தம்பி. முதலில் கால்களைப் பார்ப்போம்.

பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் ஓடும். ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீற்றர். ஷட்டர் 1/500 நொடி என்றால் அது திறந்து மூடுவதற்குள் குதிரை மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். கமெராவைக் குதிரையோடு சேர்த்துத் திருப்புவதால் உடம்பு தப்பிக்கிறது. கால்கள் தப்புவதில்லை. தரையில் ஊன்றிய குளம்பு அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது; முன்னே வீசும் குளம்போ உடம்பைவிட வேகமாகப் போகிறது. உங்கள் கமெரா பிழை செய்யவில்லை, நடந்ததைத்தான் காட்டியிருக்கிறது. பந்தயத்துக்கு 1/1600 அல்லது 1/2000 வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கமெராவின் ஒளியுணர்வை, 1600, 3200 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கலங்கிய கண்ணை எல்லோரும் கவனிப்பார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். நேர்ப்பாதையில் பக்கவாட்டாக நின்றால் முழு வேகமும் உங்களைக் குறுக்கே கடந்து போகும். வளைவின் வெளிப்பக்கம் போங்கள். குதிரைகள் உங்களை நோக்கி வரும்போது படச்சட்டத்துக்குள் குறுக்கு நகர்வு குறைவு, 1/1000 கூடத் தாங்கும். ஜொக்கிகள் உள்பக்கம் சாய்வதும் முகங்களும் அங்கேதான் கிடைக்கும். வேலிக்குப் பின்னால் குந்தி எடுத்தால் கூட்டமும் குடைகளும் மறைந்து, பின்னால் மலை வந்துவிடும்.

இனிப் பனி. பெரிய லென்ஸ் வேண்டாம் என்றது இதற்காகத்தான். தூரம் கூடக் கூட, உங்களுக்கும் குதிரைக்கும் நடுவே நிற்கும் பனியும் கூடுகிறது. 600 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டாலும் அந்தப் பனியையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். கிட்டப் போவதுதான் வைத்தியம். வெண்மையைக் கண்டால் கமெரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஆகவே எக்ஸ்போஷரைக் கையால் முக்கால் அல்லது ஒரு ஸ்டொப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). போகஸ் பிடிக்காமல் தடுமாறினால் நடுப்புள்ளியை ஜொக்கியின் கலர்ச் சட்டையில் வையுங்கள். பனியில் கடைசிவரை தெரிவது அதுதான்.

தடைதாண்டல் வேறு விளையாட்டு. அங்கே வேகத்தைவிடத் தாளம் முக்கியம், காதால் எடுக்கவேண்டிய படம் என்பேன். கேன்டர் என்னும் மிதமான ஓட்டத்தில் குளம்புச் சத்தம் மூன்று தட்டு, பிறகு ஒரு சின்ன மௌனம். அந்தத் தாளம் மனதில் ஏறிவிட்டால் குதிரை எப்போது கிளம்பும் என்பது முன்கூட்டியே தெரியும். தடைக்கு அப்பால், சற்றுச் சாய்வாக நின்று, மேல்கம்பில் போகஸைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்கால்கள் தரையை விடும்போதே அழுத்துங்கள். உச்சியைக் கண்ட பிறகு அழுத்தினால், குதிரை இறங்கும் படம்தான் மிஞ்சும். முன்முழங்கால் இரண்டும் மடிந்து, காதுகள் முன்னே நிமிர்ந்து, சவாரி செய்பவரின் பார்வை அடுத்த தடைக்குப் போயிருந்தால் அதுதான் படம். காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நான் அழித்துவிடுவேன், குதிரை கோபமாகத் தெரியும். பிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். குதிரை மிரண்டால் விழப்போவது மேலே இருப்பவர்.

ஓட்டப் படங்களிலும் இந்தக் கணக்கு உண்டு. நான்கு கால்களும் ஒன்றாக அந்தரத்தில் இருப்பது, அவை வயிற்றின் கீழ் சுருங்கியிருக்கும்போது. 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகப் படமெடுத்துக் காட்டும்வரை ஓவியர்கள் முன்னும் பின்னும் விரித்தே வரைந்தார்கள். உண்மை எதுவாக இருந்தாலும், சுருங்கிய காலோடு குதிரை பார்க்க அவ்வளவு அழகில்லை. ஒரு முன்கால் நன்றாக நீளும் கணத்தைத் தேடுங்கள்.

பழகுவதற்குச் சீசன்வரை காத்திருக்கவேண்டாம். கிரகரி வாவிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகள் இருக்கின்றன. குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, 1/30 என்ற மெதுவான ஷட்டரில் கமெராவைக் கூடவே திருப்பி எடுத்துப் பாருங்கள். முதல் நாள் ஐம்பதில் ஒன்று தேறினாலே கெட்டிக்காரர்.

அப்புறம் ஒன்று. 6,000 அடிக்கு மேலே குளிரில் கிடந்த கமெராவைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோகும் முன் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடிவிடுங்கள். ஒருமுறை இரண்டு பந்தயங்களுக்கு நடுவே பிளேன்டீ குடிக்கலாமென்று, கமெரா கழுத்தில் தொங்கத் தொங்கக் கடைக்குள் நுழைந்தேன். கேத்தில் ஆவியில் லென்ஸ் முழுக்க வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கிறது. வெளியே குதிரைகள் கிளம்பிவிட்டன. அந்தப் பந்தயத்தில் எனக்குக் கிடைத்தது குளம்புச் சத்தம் மட்டும்தான்.